பகிர்வு அடைவில் ஏசிஎல் கொடுத்த பிறகும் அனுமதி மறுக்கப்படுகிறது: மாஸ்க் ஏன் வெறுமையாகிறது?

அச்சுக்கோப்பு கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். ஏறத்தாழ பதினைந்து பேர் வேலை செய்யும் சிறிய பதிப்பகம் ஒன்றின் சர்வரை ஓராண்டாக நான் கவனித்து வருகிறேன். டெபியன் 12, ஈஎக்ஸ்டி4 கோப்பு முறைமை. எல்லா நூல்களும் 'நூல்கள்' என்ற ஒரே அடைவின் கீழ், நூலுக்கு ஓர் உள்ளடைவாக இருக்கின்றன. ஆசிரியர் பிரிவினர் எழுதவும் திருத்தவும் வேண்டும். மெய்ப்புப் பார்ப்பவர்களும் திருத்த வேண்டும். பக்கம் வடிவமைப்பவர்களுக்குப் படிக்க முடிந்தால் போதும். கணக்குப் பிரிவினர் உள்ளே வரவே கூடாது. உரிமையாளர், குழு, மற்றவர் என்ற மூன்றே தட்டுகளுக்குள் இந்தத் தேவையை அடக்க முடியவில்லை என்பதால்தான் அணுகல் கட்டுப்பாட்டுப் பட்டியலுக்கு, அதாவது ஏசிஎல்லுக்கு வந்தேன்.

அடைவின் சொந்தக் குழுவாக 'எடிட்' குழுவை வைத்து, அதற்கு முழு அனுமதி கொடுத்தேன். ஏசிஎல்லை மாற்றும் செட்எஃப்ஏசிஎல் கட்டளையால் 'புரூஃப்' குழுவுக்குப் படிக்கவும் எழுதவும் நுழையவும், 'லேஅவுட்' குழுவுக்குப் படிக்கவும் நுழையவும் அனுமதி சேர்த்தேன். மற்றவருக்கு எதுவும் இல்லை. இனி உருவாகும் கோப்புகளுக்கும் இதே அனுமதிகள் வர வேண்டும் என்று டீஃபால்ட் பட்டியலையும் அதேபோல் அமைத்தேன். இரண்டு வாரம் எந்தக் குறையும் இல்லை. அதன் பிறகு ஒன்றன்பின் ஒன்றாக மூன்று சிக்கல்கள் வந்தன.

முதலாவது, ஆசிரியர் ஒருவர் தம் இல்ல அடைவில் வைத்திருந்த கையெழுத்துப் படியின் கோப்பை சிபி கட்டளையால் நூலின் அடைவுக்குள் நகலெடுத்தார். மெய்ப்புப் பார்ப்பவரால் அதைத் திறக்கவே முடியவில்லை. ஏசிஎல்லைக் காட்டும் கெட்எஃப்ஏசிஎல் கட்டளை தந்தது இது (ஆர் என்பது படித்தல், டபிள்யூ எழுதுதல், எக்ஸ் கோப்பை இயக்குதல் அல்லது அடைவில் நுழைதல்):

யூசர்::ஆர்டபிள்யூ-
குரூப்::ஆர்டபிள்யூஎக்ஸ்  #எஃபெக்டிவ்:---
குரூப்:புரூஃப்:ஆர்டபிள்யூஎக்ஸ்  #எஃபெக்டிவ்:---
குரூப்:லேஅவுட்:ஆர்-எக்ஸ்  #எஃபெக்டிவ்:---
மாஸ்க்::---
அதர்::---

பட்டியலில் புரூஃப் குழுவின் பெயரும் இருக்கிறது, அனுமதியும் இருக்கிறது. ஆனால் பக்கத்திலேயே எதுவும் செல்லாது என்றும் எழுதியிருக்கிறது. இதை எப்படிப் புரிந்துகொள்வது?

இரண்டாவது, அச்சுக்குப் போய்விட்ட நூல் ஒன்றில் இனி யாரும் கை வைக்கக் கூடாது என்று, அதன் கோப்புகளில் சிஎச்மாட் கட்டளையால் குழுவின் எழுதும் அனுமதியை நீக்கினேன். நினைத்தபடியே எல்லாருக்கும் எழுதும் வசதி நின்றது. ஒரு மாதம் கழித்து, அந்நூலைப் பார்வையிட வேண்டிய வெளி மொழிபெயர்ப்பாளர் ஒருவருக்குச் செட்எஃப்ஏசிஎல் மூலம் படிக்கும் அனுமதி மட்டும் சேர்த்தேன். அன்று மாலையே மெய்ப்புப் பார்ப்பவர் ஒருவர் அச்சான நூலின் கோப்பில் திருத்தம் செய்து சேமித்துவிட்டார். நான் யாருக்கும் எழுதும் அனுமதி தரவில்லை என்பதில் உறுதியாக இருக்கிறேன்.

மூன்றாவது, யாருக்காக அந்த மாற்றத்தைச் செய்தேனோ அந்த மொழிபெயர்ப்பாளரால் கோப்பைப் படிக்க முடியவில்லை. பட்டியலில் அவர் பெயருக்கு நேராகப் படிக்கும் அனுமதி தெளிவாக இருக்கிறது.

ஏசிஎல்லை நான் தவறாகப் பயன்படுத்துகிறேனா, அல்லது இதைக் கைவிட்டுவிட்டுக் குழுக்களை மட்டும் வைத்து மாற்று ஏற்பாடு செய்வது நல்லதா? பொறுமையாக விளக்குவோருக்கு முன்கூட்டியே நன்றி.

நிலைவட்டு எழுதியது:

வணக்கம். கெட்எஃப்ஏசிஎல் வெளியீட்டை அப்படியே தந்ததற்கு நன்றி. முதல் சிக்கலின் விடை அதிலேயே இருக்கிறது. உங்கள் முதல் இரண்டு சிக்கல்களுக்கும் வேர் ஒன்றுதான்: மாஸ்க். மூன்றாவது வேறு வகை. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

ஏசிஎல் பட்டியலில் உள்ள வரிகளை இரண்டு கூட்டமாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். கோப்பின் உரிமையாளருக்கான வரியும் மற்றவருக்கான வரியும் ஒரு கூட்டம். இவற்றை மாஸ்க் தொடுவதில்லை. பெயர் குறிப்பிட்ட பயனர்கள், கோப்பின் சொந்தக் குழு, பெயர் குறிப்பிட்ட குழுக்கள் ஆகிய மூன்று வகை வரிகளும் இன்னொரு கூட்டம். இந்தக் கூட்டம் முழுவதற்கும் மாஸ்க்தான் மேல்வரம்பு. ஒரு வரியில் என்ன அனுமதி எழுதியிருந்தாலும், அதே அனுமதி மாஸ்க்கிலும் இருந்தால் மட்டுமே அது செல்லும். அணைக்குப் பின்னால் எவ்வளவு நீர் நின்றாலும் மதகு திறந்திருக்கும் அளவுக்குத்தான் வாய்க்காலில் வரும் என்பதைப் போல. 'எஃபெக்டிவ்' என்று கெட்எஃப்ஏசிஎல் காட்டுவது மதகைத் தாண்டி வந்த அளவு. உங்கள் கோப்பில் மதகு முழுவதுமாக மூடியிருக்கிறது.

இது ஏன் இப்படி வடிவமைக்கப்பட்டது என்பதையும் சொல்ல விரும்புகிறேன். காரணம் தெரிந்தால் இதன் போக்கு நினைவில் தங்கும். போசிக்ஸ் (யூனிக்ஸ் வகை இயங்குதளங்களுக்கான தரநிலை) ஏசிஎல் என்று நாம் சொல்வது 1003.1ஈ என்ற வரைவிலிருந்து வந்தது. அந்த வரைவு தரநிலையாக நிறைவேறாமலேயே 1998-ல் கைவிடப்பட்டது. ஆயினும் அதன் 17-ஆம் வரைவைப் பின்பற்றியே லினக்ஸில் இது எழுதப்பட்டு, 2002 நவம்பரில் லினக்ஸின் மையமான கெர்னலின் 2.5.46 பதிப்பில் சேர்ந்தது. அப்போதே உலகில் இருந்த ஆயிரக்கணக்கான நிரல்களுக்கு உரிமையாளர், குழு, மற்றவர் என்ற மூன்று தட்டுகள் மட்டுமே தெரியும். அப்படிப்பட்ட நிரல் ஒன்று ஒரு கோப்புக்கு 600 (இலக்கங்கள் முறையே உரிமையாளர், குழு, மற்றவர்; ஒவ்வொன்றும் படித்தல் 4, எழுதுதல் 2, இயக்குதல் 1 எனக் கூட்டியது) என்று அனுமதி வைக்கிறது என்றால், உரிமையாளரைத் தவிர வேறு எவரும் இதைத் தொடக் கூடாது என்பதே அதன் எண்ணம். அந்தக் கோப்பில் ஏசிஎல் வழியாக வேறொருவர் பெயர் இருந்து, அது 600-ஐயும் மீறிச் செல்லுபடியானால், நிரலை எழுதியவரின் எண்ணம் அவருக்குத் தெரியாமலேயே முறிந்துபோகும். அதனால்தான், விரிந்த ஏசிஎல் உள்ள கோப்பில் குழுவுக்கான மூன்று பிட்டுகளும் சொந்தக் குழுவைக் குறிக்காமல் மாஸ்க்கைக் குறிக்கும்படி வைத்தார்கள். எல்எஸ் -எல் கட்டளை நடுவில் காட்டுவது மாஸ்க்கைத்தான். சிஎச்மாட் மாற்றுவதும் மாஸ்க்கைத்தான். வரியின் முடிவில் கூட்டல் குறி தெரிந்தால், நடுவில் உள்ள மூன்று எழுத்துகளைக் குழுவின் அனுமதி என்று படிக்கக் கூடாது.

தொலைக் கணினியில் பாதுகாப்பாக நுழையப் பயன்படும் எஸ்எஸ்எச் நிரலின் ரகசியச் சாவிக் கோப்பு இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. தன்னைத் தவிர வேறு எவருக்கும் சாவியைப் படிக்கும் வழி இருந்தால் எஸ்எஸ்எச் அதை ஏற்க மறுக்கும். ஆனால் அது பார்ப்பது பழைய ஒன்பது பிட்டுகளை மட்டுமே. ஏசிஎல்லில் ஒருவருக்குப் படிக்கும் அனுமதி கொடுத்தால் மாஸ்க் திறக்கிறது. மாஸ்க் குழு பிட்டாகத் தெரிகிறது. எஸ்எஸ்எச் உடனே எச்சரிக்கிறது. ஏசிஎல் என்றால் என்னவென்று தெரியாத ஒரு சோதனைகூடச் சரியான முடிவுக்கு வருகிறது. என் பார்வையில் இது மிகவும் மதிக்கத்தக்க ஏற்பாடு. நம்மைச் சில நாள் குழப்பினாலும், பாதுகாப்பின் பக்கமே சாய்கிறது.

இப்போது உங்கள் முதல் சிக்கல். டீஃபால்ட் ஏசிஎல் உள்ள அடைவில் புதுக் கோப்பு உருவாகும்போது யூமாஸ்க் (புதுக் கோப்புகளிலிருந்து சில அனுமதிகளைக் கழிக்கும் அமைப்பு) கணக்கில் கொள்ளப்படுவதில்லை. ஆனால் கோப்பை உருவாக்கும் நிரல் கெர்னலிடம் கேட்கும் அனுமதி எண் கணக்கில் கொள்ளப்படுகிறது. டீஃபால்ட் பட்டியலிலிருந்து வந்த மாஸ்க்கும் நிரல் கேட்ட எண்ணின் குழுப் பகுதியும் வெட்டிக்கொள்ளும் இடமே புதுக் கோப்பின் மாஸ்க் ஆகிறது. சாதாரண எடிட்டர் நிரல் 666 கேட்கும்; ஆகவே மாஸ்க்கில் படித்தலும் எழுதுதலும் நிற்கும், இயக்கும் அனுமதி மட்டும் உதிரும். அதில் குறையில்லை, கட்டுரைக் கோப்பை யாரும் இயக்கப் போவதில்லை. சிபி கட்டளையோ மூலக் கோப்பின் அனுமதியையே கேட்கும். ஆசிரியரின் இல்ல அடைவில் அந்தக் கோப்பு 600 ஆக இருந்திருக்க வேண்டும். குழுப் பகுதி சுழியம் என்பதால் மாஸ்க்கும் வெறுமையானது. 644 ஆக இருந்திருந்தால் மெய்ப்புப் பார்ப்பவர் படித்திருப்பார், சேமிக்க முடியாமல் போயிருக்கும். பலரும் வாரக்கணக்கில் தேடித் தவிப்பது இந்த இரண்டாம் வகையில்தான், ஏனென்றால் கோப்பு திறந்துவிடுவதால் அனுமதியின் மீது யாருக்கும் ஐயம் வருவதில்லை.

உடனடித் தீர்வாக, நூல்கள் அடைவில் நின்று ரூட் பயனராக (முழு அதிகாரமுள்ள நிர்வாகக் கணக்கு) இதைக் கொடுங்கள்:

செட்எஃப்ஏசிஎல் -ஆர் -எம் எம்::ஆர்டபிள்யூஎக்ஸ் .

இதில் இரண்டு எக்ஸ் வகைகள் இருப்பதைக் கவனிக்க வேண்டும். அனுமதிப் பகுதியின் கடைசி எழுத்தைப் பெரிய எக்ஸாகக் கொடுங்கள். பெரிய எக்ஸ், அடைவுகளுக்கும் ஏற்கெனவே யாருக்கேனும் இயக்கும் அனுமதி இருக்கும் கோப்புகளுக்கும் மட்டுமே இயக்கும் அனுமதியைச் சேர்க்கும். சிறிய எக்ஸ் கொடுத்தால் கண்ணில் பட்ட கையெழுத்துப் படிகள் எல்லாம் இயங்கு நிரல்களின் அனுமதியைப் பெற்றுவிடும். அச்சான நூல் இருக்கும் உள்ளடைவை மட்டும் இதிலிருந்து விலக்கிக்கொள்ளுங்கள்.

நிலையான தீர்வு, கோப்பு வரும் வழியைச் சீராக்குவது. நகலெடுக்கும் முன் மூலக் கோப்பை 660 ஆக்கும்படி ஆசிரியர்களிடம் சொல்லலாம். மடிக்கணினிகளிலிருந்து எஸ்எஃப்டிபி வழியாக ஏற்றும் சில நிரல்களும் மூலக் கோப்பின் அனுமதியைச் சேர்த்தே அனுப்புகின்றன. ஆகவே அங்கும் இதே கவனம் வேண்டும். எம்வி கட்டளையால் நகர்த்துவது இதைவிடத் தொல்லை தரும். ஒரே கோப்பு முறைமைக்குள் எம்வி பெயரை மட்டும் மாற்றுகிறது, புதுக் கோப்பு எதுவும் உருவாவதில்லை. ஆதலால் டீஃபால்ட் ஏசிஎல்லுக்கு அங்கு வேலையே இல்லை. கோப்பு தன் பழைய அனுமதிகளோடு வந்து உட்கார்ந்துகொள்ளும்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன்: இந்தச் சிக்கல் ஏசிஎல்லால் வந்ததன்று. வெறும் குழுவும், புதுக் கோப்புகளுக்கு அடைவின் குழுவையே தரும் செட்ஜிஐடி பிட்டும் வைத்து நடத்தியிருந்தாலும் 600 கோப்பு 600 ஆகவே வந்து விழுந்திருக்கும். எனவே இதற்காக ஏசிஎல்லைக் கைவிட வேண்டாம்.

மூன்றாவது சிக்கலுக்கு வருகிறேன். ஒரு கோப்பை எட்ட வேண்டுமானால், வேரிலிருந்து அந்தக் கோப்பு வரை உள்ள ஒவ்வோர் அடைவிலும் நுழையும் அனுமதி, அதாவது எக்ஸ், வேண்டும். மொழிபெயர்ப்பாளருக்குக் கோப்பில் மட்டும் அனுமதி தந்திருக்கிறீர்கள். 'நூல்கள்' அடைவின் வாசலிலேயே அவர் 'மற்றவர்' என்று நின்றுவிடுகிறார். மேல் அடைவுகளில் அவர் பெயருக்கு எக்ஸ் மட்டும் சேருங்கள். படிக்கும் அனுமதி இல்லாமல் எக்ஸ் மட்டும் இருந்தால், உள்ளே என்னென்ன நூல்கள் இருக்கின்றன என்று அவரால் பட்டியலிட முடியாது. வழி தெரிந்த கோப்பை மட்டும் எட்டுவார். முழுப் பாதையையும் கொடுத்து நேம்இஐ -எல் கட்டளையை ஓட்டினால் எந்தப் படியில் வழி அடைபடுகிறது என்று ஒரே பார்வையில் தெரியும்.

கரிசல்மண் எழுதியது:

நிலைவட்டு எழுதியதோடு முழுமையாக உடன்படுகிறேன். இரண்டாவது சிக்கலை அவர் தொட்டுவிட்டு நகர்ந்துவிட்டார். அதைச் சற்று விரித்துச் சொல்கிறேன், ஏனென்றால் நானே அதில் ஒருமுறை பெரும் இழப்பைச் சந்தித்திருக்கிறேன்.

சிஎச்மாட் மூலம் குழுவின் எழுதும் அனுமதியை நீக்கியபோது நீங்கள் உண்மையில் செய்தது மாஸ்க்கிலிருந்து எழுதும் அனுமதியை நீக்கியது. எடிட், புரூஃப் ஆகிய இரண்டு குழுக்களின் வரிகளிலும் எழுதும் அனுமதி அப்படியே இருந்தது. மாஸ்க் அதைத் தடுத்துப் பிடித்திருந்தது, அவ்வளவுதான். பிறகு செட்எஃப்ஏசிஎல் -எம் கொண்டு மொழிபெயர்ப்பாளரைச் சேர்த்தீர்கள். அந்தக் கட்டளையில் மாஸ்க்கை நீங்களே குறிப்பிடாதபோது, செட்எஃப்ஏசிஎல் மாஸ்க்கைத் தானே மறுபடி கணக்கிடும்: மாஸ்க்கின் கீழ் வரும் எல்லா வரிகளின் அனுமதிகளையும் கூட்டி, எவரும் தடைபடாத அளவுக்கு அதைத் திறந்துவிடும். இரண்டு குழுக்களின் வரிகளிலும் எழுதும் அனுமதி இருந்ததால் மாஸ்க்கிலும் எழுதும் அனுமதி திரும்பி வந்தது. ஒருவருக்குப் படிக்க அனுமதி தந்த செயலே பத்துப் பேருக்கு எழுத அனுமதி தந்துவிட்டது. நீங்கள் யாருக்கும் எழுதும் அனுமதி தரவில்லை என்பது உண்மைதான்; முன்பே தந்ததை எடுக்கவும் இல்லை.

மாஸ்க்கைக் கணக்கிட வேண்டாம் என்று சொல்ல -என் என்ற தெரிவு இருக்கிறது. ஆனால் அடுத்த முறை கட்டளை கொடுப்பவர் அதை நினைவில் வைத்திருப்பார் என்று நம்பி ஓர் அச்சான நூலை விட்டுவைக்கக் கூடாது. ஆகவே, மாஸ்க்கை நிரந்தரப் பூட்டாகப் பயன்படுத்தாதீர்கள் என்பதே என் கருத்து. தற்காலிகமாக எல்லாரையும் நிறுத்திவைக்க அது மிக வசதியானது: பராமரிப்பு நடக்கும் ஒரு மணி நேரத்துக்கு மாஸ்க்கை மூடிவிட்டு, வேலை முடிந்ததும் பழைய அளவுக்குத் திறந்தால் எல்லாருக்கும் உரியது அப்படியே கிடைத்துவிடும். நிரந்தரமாகப் பூட்டுவதென்றால் ஒவ்வொரு வரியிலிருந்தும் எழுதும் அனுமதியை எடுத்துவிட வேண்டும். எடிட், புரூஃப் இரண்டையும் படிக்கும் அனுமதிக்கு இறக்குங்கள். அதன் பிறகு மாஸ்க் எத்தனை முறை கணக்கிடப்பட்டாலும் கூட்டுத்தொகையில் எழுதும் அனுமதி வராது. கோப்பின் உரிமையாளராக இருப்பவர் தமக்கே அனுமதியைத் திரும்பக் கொடுத்துக்கொள்ள முடியும் என்பதால், அச்சான கோப்புகளின் உரிமையை ஒரு தனிக் கணக்குக்கு மாற்றிவிடுவதும் நல்லது. ஈஎக்ஸ்டி4 என்பதால், சிஎச்ஆட்டர் கட்டளையால் மாறாத் தன்மையையும் இடலாம். அதை நீக்காத வரை ரூட் பயனரால்கூடக் கோப்பில் எழுதவோ அதை அழிக்கவோ முடியாது.

அழிப்பதைப் பற்றிச் சொல்லும்போது இன்னொன்று. ஒரு கோப்பை அழிக்க அந்தக் கோப்பில் எழுதும் அனுமதி தேவையில்லை. அது இருக்கும் அடைவில் எழுதும் அனுமதியும் நுழையும் அனுமதியும் இருந்தால் போதும். நான் இழந்தது இந்த வழியில்தான். ஒரு கல்வி நிறுவனத்தில் மதிப்பெண் கோப்புகள் அனைத்தையும் படிக்க மட்டும் என்று பூட்டினேன், அடைவைப் பூட்ட மறந்தேன். ஒருவர் பழைய கோப்புகள் என்று நினைத்து அனைத்தையும் அழித்துவிட்டார். முந்தைய நாள் காப்புநகல் இருந்ததால் ஒரு நாள் உழைப்போடு போயிற்று. பூட்ட வேண்டிய நூலில் அடைவையும் சேர்த்துப் பூட்டுங்கள். வேலை நடக்கும் நூல்களில் ஒருவர் கோப்பை மற்றவர் அழிக்காமல் இருக்க ஸ்டிக்கி பிட் வைக்கலாமே என்று தோன்றும். அதைத் தயங்கித்தான் பரிந்துரைப்பேன்: பல எடிட்டர்கள் தற்காலிகக் கோப்பில் எழுதிவிட்டுப் பழைய கோப்பின் பெயரை அதற்கு இடுகின்றன, பழைய கோப்பு வேறொருவருக்கு உரியது என்றால் ஸ்டிக்கி பிட் அந்தப் பெயர் மாற்றத்தை மறுத்துவிடும், சேமிப்பு தோற்கும்.

குழுக்களை மட்டும் வைத்துச் செய்யலாமா என்று கேட்டிருந்தீர்கள். அதே நிறுவனத்தில் நான் முதலில் அப்படித்தான் செய்தேன். தேவை ஒவ்வொன்றுக்கும் ஒரு குழு என்று தொடங்கி, சிலர் இருபது குழுக்களுக்கு மேல் உறுப்பினராகிவிட்டார்கள். கோப்புகள் என்எஃப்எஸ் என்ற பிணையக் கோப்புப் பகிர்வு முறை வழியாகப் பகிரப்பட்டன. அதன் வழக்கமான ஆத்சிஸ் முறையில் கோரிக்கை ஒன்றுக்குப் பதினாறு துணைக்குழுக்களுக்கு மேல் செல்லாது. யாருக்கு எந்தக் குழு விடுபடுகிறது என்று கண்டுபிடிக்கப் பல நாள் ஆனது. உங்கள் வேலைக்கு ஏசிஎல்தான் பொருத்தமானது. பணிகளுக்கு ஒரு குழு என்று நிறுத்திக்கொண்டு, அந்தக் குழுக்களை ஏசிஎல்லில் எழுதுங்கள். தனி மனிதர்களின் பெயரை வெளி மொழிபெயர்ப்பாளரைப் போன்ற விதிவிலக்குகளுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

அச்சுக்கோப்பு எழுதியது:

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. ஆசிரியரின் இல்ல அடைவில் பார்த்தேன். அந்தக் கோப்பு 600 ஆகத்தான் இருந்தது. மாஸ்க்கைத் திருத்திய பிறகு மெய்ப்புப் பார்ப்பவர்கள் அனைவராலும் திறந்து சேமிக்க முடிகிறது. அச்சான நூலின் எல்லா வரிகளிலிருந்தும் எழுதும் அனுமதியை எடுத்து, அடைவையும் பூட்டி, பிறகு சோதனைக்காக வேறொரு பயனரைச் சேர்த்துப் பார்த்தேன். மாஸ்க் படிக்கும் அளவுக்கு மேல் திறக்கவில்லை. மொழிபெயர்ப்பாளருக்கும் வழி கிடைத்துவிட்டது.

இன்னும் இரண்டு ஐயங்கள். வடிவமைப்பாளர் ஒருவர் அண்மையில் மெய்ப்புப் பணியையும் ஏற்றிருக்கிறார். அவரை இரண்டு குழுக்களிலும் சேர்த்திருக்கிறேன். லேஅவுட் குழுவின் குறைந்த அனுமதி அவரைத் தடுக்குமா? சேர்த்த பிறகும் அவரால் எழுத முடியவில்லை என்பதால் கேட்கிறேன். அடுத்தது, இவ்வளவு உழைத்து அமைத்த அனுமதிகளைக் காப்புநகலில் எப்படிப் பாதுகாப்பது? இப்போது டார் கோப்பாகச் சுருக்கி வெளி வன்தட்டில் வைக்கிறோம்.

நிலைவட்டு எழுதியது:

குறைந்த அனுமதி அவரைத் தடுக்காது. கெர்னல் பார்க்கும் வரிசை இது: அவர் கோப்பின் உரிமையாளர் என்றால் உரிமையாளர் வரி மட்டுமே பேசும். இல்லையென்றால் அவர் பெயரில் தனி வரி இருக்கிறதா என்று பார்க்கும். இருந்தால் அதுவே முடிவு, குழுக்கள் பக்கம் போகாது. அதுவும் இல்லையென்றால் அவர் உறுப்பினராக உள்ள குழுக்களின் வரிகளில் ஏதேனும் ஒன்று கேட்ட அனுமதியைத் தருகிறதா என்று பார்க்கும். தந்தால் மாஸ்க்கோடு ஒப்பிட்டு அனுமதிக்கும். குழு பொருந்தியும் எந்த வரியும் தரவில்லையென்றால் மறுக்கும். 'மற்றவர்' வரிக்கு இறங்காது. எந்தக் குழுவும் பொருந்தாதபோதுதான் 'மற்றவர்' வரி.

இதில் ஒரு நுட்பம் உண்டு. கேட்ட அனுமதி முழுவதையும் ஒரே வரி தர வேண்டும். ஒரு குழு படிக்க மட்டும், இன்னொரு குழு எழுத மட்டும் தருகிறது என்றால், இரண்டிலும் உள்ளவர் படித்து எழுதுவதற்காகக் கோப்பைத் திறக்க முடியாது. இரண்டு வரிகளையும் கெர்னல் கூட்டிக்கொள்வதில்லை. உங்கள் புரூஃப் வரி இரண்டையும் தருவதால் அந்தக் கவலை இல்லை. பெயர் வரிக்கு முன்னுரிமை என்பதால், போசிக்ஸ் ஏசிஎல்லில் மறுப்பு வரி என்று தனியாக ஒன்று இல்லாவிட்டாலும், குழுவில் இருக்கும் ஒருவரை மட்டும் விலக்க அவர் பெயரில் வெறுமையான வரி ஒன்றை எழுதினால் போதும்.

அவரால் எழுத முடியாததற்குக் காரணம் பெரும்பாலும் எளிமையாக இருக்கும். குழு உறுப்புரிமை உள்நுழையும் நேரத்தில்தான் பதியும். நீங்கள் சேர்த்தபோது அவர் ஏற்கெனவே உள்ளே இருந்திருந்தால், வெளியேறி மீண்டும் உள்நுழைய வேண்டும். பெயர் எதுவும் கொடுக்காமல் அவரே ஐடி கட்டளையை ஓட்டினால் நடப்பு அமர்வில் புரூஃப் இருக்கிறதா என்று தெரியும். பயனர் பெயரைக் கொடுத்து ஓட்டினால் புதிதாகச் சேர்த்ததையும் பதிவேட்டிலிருந்து படித்துக் காட்டிவிடும், அதை நம்பி ஏமாற வேண்டாம். அவர் லிப்ரே ஆஃபீஸ் பயன்படுத்தினால் கோப்பு இருக்கும் அடைவிலேயே அது ஒரு பூட்டுக் கோப்பை உருவாக்க முயலும் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். அடைவில் எழுதும் அனுமதி அதற்கும் தேவை.

காப்புநகல் பற்றி: ஏசிஎல், கோப்பின் உள்ளடக்கத்தில் இல்லை, நீட்டித்த பண்புகளாகக் கோப்பு முறைமையில் தனியாக நிற்கிறது. டார் கட்டளைக்கு ஏசிஎல்எஸ் என்ற தெரிவைக் கொடுத்தால்தான் அது சேர்ந்து வரும். சுருக்கும்போதும் விரிக்கும்போதும் இரண்டு முறையும் கொடுக்க வேண்டும். கோப்புகளை ஒத்திசைத்து நகலெடுக்கும் ஆர்சிங்க் என்றால் -ஏ தெரிவிலேயே ஏசிஎல் வருவதில்லை. பெரிய ஏ-யையும் சேர்க்க வேண்டும். வெளி வன்தட்டில் எக்ஸ்ஃபேட் கோப்பு முறைமை இருந்து, கோப்புகளை அப்படியே நகலெடுத்தால் ஏசிஎல் மட்டுமன்றி உரிமையாளர் விவரமும் போய்விடும். டார் கோப்பாக வைப்பதே அங்குப் பாதுகாப்பானது.

இவற்றோடு, அனுமதிகளை மட்டும் தனியே ஓர் உரைக்கோப்பாக எடுத்து வையுங்கள். நூல்கள் அடைவில் நின்று கெட்எஃப்ஏசிஎல் -ஆர் கொடுத்து வெளியீட்டை அந்த அடைவுக்கு வெளியே ஒரு கோப்பில் சேமித்தால் போதும். திரும்ப அமைக்க வேண்டிய நாளில் அதே அடைவில் நின்று, செட்எஃப்ஏசிஎல் கட்டளைக்கு ரிஸ்டோர் தெரிவோடு அந்தக் கோப்பின் பெயரைக் கொடுங்கள். பாதைகள் நிற்கும் இடத்திலிருந்து எழுதப்படுவதால் அடைவு மாறக் கூடாது. நான் எந்தப் பெரிய -ஆர் கட்டளைக்கு முன்னாலும் இதை எடுத்துவிட்டுத்தான் கை வைப்பேன்.

அச்சுக்கோப்பு எழுதியது:

நீங்கள் சொன்னதே காரணம். அவர் நான்கு நாளாக வெளியேறாமல் ஒரே அமர்வில் இருந்திருக்கிறார். மீண்டும் உள்நுழைந்ததும் சேமிக்க முடிந்தது. டார் கட்டளையில் ஏசிஎல்எஸ் தெரிவைச் சேர்த்து, ஒரு நூலை மட்டும் வேறோர் இடத்தில் விரித்துப் பார்த்தேன். மாஸ்க் உட்பட எல்லா வரிகளும் அப்படியே வந்தன. நேற்று வரை எடுத்த பழைய காப்புநகல்களில் அவை இல்லை என்பதையும் சரிபார்த்துவிட்டேன். அனுமதிகளின் உரைக்கோப்பு இனி ஒவ்வோர் இரவும் காப்புநகலோடு சேர்ந்து எடுக்கப்படும்.